முனகினால் கழுதை

மொரப்பூர்,
17 ஜனவரி 1971

அண்ணனுக்கு ரோசம்மாள் எழுதுவது.

நீங்கள் ரயில் ஏறிய அன்று நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. வேண்டுமென்றேதான் வரவில்லை. வண்டி கூவியது பள்ளி மைதானம்வரை கேட்டது. அம்மா மட்டும் போய்க் கையசைத்துவிட்டு வந்து, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கோபம் இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

கிறிஸ்துமஸ் லீவில் வந்த மனிதர் வீட்டில் கறியும் சோறும் சாப்பிட்டுத் தூங்கியிருக்கலாம். உன் பள்ளிக் கோ-கோ பிள்ளைகளைப் பார்க்கிறேன் என்றீர்கள். என் அண்ணன் பட்டாளத்தில் ஹவில்தார், அங்கே ஜவான்களுக்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர் என்று பெருமையாகச் சொல்லித்தான் உங்களை அவர்கள் முன்னால் நிறுத்தினேன். நீங்கள் வாயைத் திறந்ததும் கேட்டது, "இது மைதானமா, சந்தையா? எதுக்கு இந்தச் சிரிப்பு?" என்றுதான். அப்புறம் வெயிலில் சுற்றிச் சுற்றி ஓடவிட்டீர்கள். ஒருத்தி நின்றால் எல்லோரும் முதலிலிருந்து. வாந்தி எடுத்தவளைக்கூட விடவில்லை. "போதும், நிறுத்துங்க" என்று நான் பிள்ளைகளுக்கு எதிரிலேயே கத்தியது தப்புதான். தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு மட்டும் வருந்துகிறேன், மற்றதற்கு இல்லை.

மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. வீடு வீடாகப் போனேன். எட்டாவது படிக்கிற குள்ளம்மாள் ஒருத்தி இருக்கிறாள், கடலைக்காடு வைத்திருக்கும் சென்னப்பனின் மகள். பெயருக்கு ஏற்ற உருவம், ஆனால் ஓடினால் கண்ணுக்கு அகப்படமாட்டாள். அவள் கேட்டாள்: "மாட்டுக்குப் பின்னால வூட்ல தெனமும் ஓடறனுங்க டீச்சர். அதே ஓட்டத்த ஓடறதுக்கு எதுக்குங்க பள்ளிக்கூடம்?" விடியும் முன்னே தண்ணீர் சுமந்து, சாணி அள்ளி, புல் அறுத்துவிட்டு வருகிற பிள்ளைகள் அண்ணா. கஷ்டம் அவர்களுக்குப் புதிதில்லை. மைதானத்திலும் அதையே கொடுத்தால் யார் வருவார்கள்?

அதனால் ஒரு காரியம் செய்தேன். பள்ளியின் பின்வேலியை ஒட்டி வண்டிப்பாதை, அதற்கு அப்பால் ரயில் பாதை என்பது உங்களுக்குத் தெரியும். சாயங்கால பாசஞ்சர் மொரப்பூரை விட்டு மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகத்தானே கிளம்பும்? அதோடு பந்தயம் வைத்தேன். வேலிக்கு இந்தப் பக்கம், கைகாட்டி மரம்வரை. என்ஜினை முந்துகிறவள் அன்றைக்கு ராணி. ஜன்னலில் இருக்கிறவர்கள் எல்லாம் கை தட்டுகிறார்கள். என்ஜின் ஓட்டுகிறவர்கூட இவர்களுக்காகவே ஒரு தரம் கூவுகிறார். நின்றுபோன பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள். இப்போது கூட்ஸ் வண்டி வந்தாலும் கேட்காமலே ஓடுகிறார்கள். நீங்கள் ஓடவிட்ட தூரத்தைவிட அதிகம் ஓடுகிறார்கள், சிரித்துக்கொண்டே ஓடுகிறார்கள். சொல்லிக் காட்டத்தான் எழுதினேன்.

அம்மா உங்களுக்காக ஜெபமாலை சொல்கிறாள்.

ரோசா


56 ஏ.பி.ஓ.,
14 பிப்ரவரி 1971

ரோசாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சாப்பாட்டுக் கூடத்தில் படித்தேன். படித்து முடிப்பதற்குள் ரொட்டி விறைத்துப்போனது. அந்த நஷ்டத்தை உன் கணக்கில் எழுதிக்கொள்.

மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. நீ கத்தியதும் எனக்குப் பெரிதில்லை. சின்ன வயசில் நீ என்னைக் கல்லால் அடித்தவள். ஸ்டேஷனுக்கு வராததுதான் கொஞ்சம் உறுத்தியது. வண்டி உங்கள் பள்ளியைத் தாண்டும்போது கதவோரம் நின்று பார்த்தேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். சரி, போகட்டும்.

ரயில் பந்தயம் நல்ல யோசனை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நாளைக்கே தருமபுரியில் மாவட்டப் போட்டிக்குப் போகிறாய் என்று வை. அந்த மைதானத்தில் ரயில் வருமா? எதிர்க் கட்சிக்காரி உன் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவாளா? நாக்கு உலர்ந்து, விலா பிடித்துக்கொள்ளும்போது சிரிப்பு எங்கிருந்து வரும்? அந்த நேரத்துக்கு ஒரு பழக்கம் வேண்டும் ரோசா. அதை விளையாட்டுக் காட்டிக் கொடுக்க முடியாது. உன் கோ-கோ பாதிப் பேர் உட்கார்ந்தே ஆடுகிற ஆட்டம் வேறு.

எங்கள் செக்ஷனில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். நீண்ட ஓட்டத்தில் எவன் அய்யோ, அம்மா என்று முனகுகிறானோ அவன் அன்றைக்கு எல்லோருடைய தட்டையும் கழுவ வேண்டும். யாரும் யாரையும் அதட்ட வேண்டியதில்லை. அவனவன் வாயை அவனவன் பார்த்துக்கொள்வான். உன் ராஜகுமாரிகளிடம் இதைச் சொல்லிப் பார். முடியாது என்பாய். தெரியும்.

அம்மாவுக்கு முட்டிவலித் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

சவுரியப்பன்


மொரப்பூர்,
18 ஜூலை 1971

அண்ணனுக்கு,

இத்தனை மாதம் எழுதாததற்குப் பரீட்சை, கோடை லீவு, அம்மாவின் காய்ச்சல் என்று காரணங்கள் உண்டு. உண்மையான காரணம், உங்களிடம் தோற்றதை எழுத மனம் வரவில்லை.

முடியாது என்பாய் என்று எழுதினீர்களே, அதற்காகவே செய்து பார்த்தேன். தட்டு கழுவுவது எங்கள் பிள்ளைகளுக்குத் தண்டனையே இல்லை, பிறந்ததிலிருந்து அதுதான் வேலை. அதனால் மாற்றினேன். ஓடும்போதோ குதிக்கும்போதோ யார் முனகினாலும் அவள் அன்றைக்குக் கழுதை. ஆட்டம் முடிந்ததும் குழுவிலேயே இளையவளை முதுகில் ஏற்றிக்கொண்டு தண்ணீர்க் குழாய்வரை போக வேண்டும், வழியில் கழுதை மாதிரிக் கத்தவும் வேண்டும். மற்றவர்கள் பின்னால் தாளம் போட்டுக்கொண்டு வருவார்கள். "மொனகுனா கழுதெ, மொனகுனா கழுதெ" என்று.

நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். முதல் வாரம் தினமும் ஒரு கழுதை. தையல் கடை மஸ்தானின் மகள் நசீம் பானு எங்கள் கேப்டன். அவள் கத்துவதைக் கேட்டு நிஜக் கழுதை ஒன்று ஏரிக்கரையிலிருந்து பதில் கொடுத்தது. ஒரு நாள் என் காலில் நெருஞ்சி தைத்து, ஸ் என்று சொல்லிவிட்டேன். விட்டார்களா? "டீச்சரும் கழுதெ" என்று சூழ்ந்துகொண்டார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குள்ளம்மாளைத் தூக்கிக்கொண்டு போனேன். தலைமையாசிரியை ராணியம்மாள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

இப்போது முனகலே இல்லை அண்ணா. அந்த வண்டிப்பாதை எவ்வளவு கட்டாந்தரை என்று உங்களுக்குத் தெரியும். காலையில் ஒன்று, மாலையில் இரண்டு என்று எந்த ரயிலையும் விடுவதில்லை. முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிந்தாலும் வாய் மட்டும் சிரித்துக்கொண்டே இருக்கும். உங்கள் கண்டிப்பையும் என் விளையாட்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியது போல ஆகிவிட்டது.

குள்ளம்மாள் மட்டும் இதுவரை ஒரு முறைகூடக் கழுதை ஆகவில்லை. அதில் அவளுக்குக் கர்வம். வகுப்பில் கணக்குப் பாடத்தில் கடைசி, வீட்டில் நான்கு பெண்களில் மூன்றாவது, யாரும் ஏறிட்டுப் பார்க்காத பிள்ளை. மைதானத்தில் அவள்தான் ராணி. சென்னப்பன் போன வாரம் சந்தையில் என்னைப் பார்த்து, "அவ ஓடறவரைக்கும் படிக்கட்டுங்க டீச்சர்" என்றார். அதற்காகவே அவளை ஓடவைக்க வேண்டும் என்றிருக்கிறது எனக்கு.

உங்கள் யோசனைதான். நன்றி என்று எழுதக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

ரோசா


56 ஏ.பி.ஓ.,
22 ஆகஸ்ட் 1971

ரோசாவுக்கு,

உன் கடிதத்தை எங்கள் கூட்டத்துக்கே படித்துக் காட்டினேன். திருநெல்வேலிக்காரன் ஒருவன், நாயர் ஒருவர், நம் பக்கத்துப் பையன் பாப்பாரப்பட்டி மாது. கழுதை கத்தியதைப் படித்தபோது மாது புரண்டு புரண்டு சிரித்தான். இனிமேல் தட்டு கழுவுவதை விட்டுவிட்டு நாமும் கழுதை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். உன்னைத் தூக்கச் சொல்லியிருந்தால் யார் தூக்குவது என்று கேட்கிறார் நாயர்.

தோற்றேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் கிழித்துப் பையில் வைத்திருக்கிறேன்.

அந்தக் குட்டிப் பெண்ணைப் பற்றி நிறைய எழுது. ஜெயித்துவிட்டு வா. அடுத்த லீவில் ஒகேனக்கலுக்கு எல்லோரையும் பஸ்ஸில் கூட்டிப்போய் மீன் வாங்கித் தருகிறேன் என்று சொல். அன்றைக்கு ஓடவிட்ட மாமா மேல் கோபம் போகட்டும்.

சவுரியப்பன்


மொரப்பூர்,
27 செப்டம்பர் 1971

அண்ணனுக்கு,

அரூரில் நடந்த கோட்டப் போட்டியில் ஜெயித்துவிட்டோம். வெண்கலக் கோப்பை. தலைமையாசிரியை ராணியம்மாளே பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து எல்லோருக்கும் பொரி வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதம் தருமபுரியில் மாவட்டப் போட்டி. அதிலும் ஜெயித்தால் மெட்ராஸ். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் சேலத்தைக்கூடப் பார்த்ததில்லை. மெட்ராஸில் கடல் இருக்கிறதாமே, அதோடு பந்தயம் வைப்பீர்களா டீச்சர் என்று கேட்கிறார்கள்.

குள்ளம்மாளைப் பற்றி எழுதச் சொன்னீர்களே, ஒரு வேடிக்கை. புதிதாக ஒரு ஓட்டம் கண்டுபிடித்திருக்கிறாள். வலது காலை நன்றாக ஊன்றி, இடது காலைத் தரையில் பட்டும் படாமலும் வைத்து, கொக்கு மாதிரித் தத்தித் தத்தி ஓடுகிறாள். ஆனாலும் முந்துகிறாள். மற்ற பிள்ளைகளும் அதைப் பார்த்துக் கொக்கு ஓட்டம் என்று பெயர் வைத்து அப்படியே ஓடிக் காட்ட, மைதானமே சிரிக்கிறது. அவளும் சிரிக்கிறாள். உட்காரும்போதெல்லாம் கால் எலும்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். என்னடி என்றேன். "கொசு கடிச்சிதுங்க டீச்சர்" என்றாள். பட்டப்பகலில் இந்தப் பொட்டலில் எந்தக் கொசு? பக்கத்து ரெட்டியூரிலிருந்து வந்த கொசு போல என்று நான் சொல்ல, அதற்கும் ஒரு சிரிப்பு.

போட்டி இருபத்து மூன்றாம் தேதி. ஜெபம் பண்ணுங்கள்.

ரோசா


56 ஏ.பி.ஓ.,
8 அக்டோபர் 1971

ரோசா,

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. உடனே எழுதுகிறேன். அந்தப் பெண்ணை ஓடவிடாதே.

அது கொக்கு ஓட்டம் இல்லை. புதிதாகச் சேருகிற பையன்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். கெட்டியான தரையில் விடாமல் ஓடினால் முன்னங்கால் எலும்பில் மயிரிழை மாதிரி விரிசல் விடும். வெளியே வீக்கம்கூடத் தெரியாது. ஓய்வு கொடுத்தால் தானாகக் கூடிவிடும். கொடுக்காவிட்டால் ஒரு நாள் முறிந்துவிடும். அவளை உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே முன் எலும்பை விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வா. வலிக்கிறதா என்று கேட்காதே. இல்லை என்றுதான் சொல்வாள். முகத்தைப் பார்.

மாவட்டப் போட்டி போனால் போகட்டும். நீ என்னிடம் தோற்றதாகவும் வேண்டாம், ஜெயித்ததாகவும் வேண்டாம். அவளை உட்காரவை.

தந்தி கொடுக்க இங்கே வழியில்லை. நாங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறோம். காரணம் எழுதக்கூடாது. ஒரு லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்துப் போடச் சொல்கிறேன்.

சவுரியப்பன்


மொரப்பூர்,
26 அக்டோபர் 1971

அண்ணனுக்கு,

ஜெயித்துவிட்டோம். எழுத வேண்டியது அது இல்லை.

கடைசி ஆட்டம். குள்ளம்மாள் துரத்துகிறாள். கம்பத்தைச் சுற்றித் திரும்பினாள், விழுந்தாள். கம்பத்தருகே இருந்தவர்கள் ஒரு சத்தம் கேட்டது என்கிறார்கள், காய்ந்த முருங்கைக்கிளை ஒடிகிற மாதிரி. எனக்குக் கேட்கவில்லை. நான் கை தட்டிக்கொண்டிருந்தேன். வழுக்கி விழுந்தாள் என்று நினைத்து, "எழுந்திரு ராணி, எழுந்திரு" என்று கத்தினேன். அவள் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே ஊர்ந்து போய், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் முதுகைத் தட்டி "கோ" என்றாள். அந்தப் பிள்ளை எழுந்து ஓடிப்போய் எதிராளியைத் தொட்டுவிட்டது. விசில் அடித்துவிட்டார்கள். எல்லோரும் துள்ளுகிறார்கள். நானும்தான் துள்ளினேன் அண்ணா. அப்புறம்தான் அவளிடம் போனேன்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். உதடு கடித்து இரத்தம் வந்திருந்தது. "நான் மொனகலீங்க டீச்சர்" என்றாள்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இது இன்றைக்கு முறிந்தது மட்டும் இல்லை, பல வாரமாகவே விரிசல் இருந்திருக்கிறது, இந்தக் காலோடு இவள் எப்படி நடந்தாள், யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டார். எங்களைப் பார்த்துத்தான் கேட்டார். நசீம் பானு அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரியுமாம். தினமும் ஆட்டம் தொடங்கும் முன்னே கிணற்றடியில் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டு, பாவாடைக்குள் துணி சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டது அவள்தானாம். என்னிடம் சொல்லவா என்று கேட்டதற்கு, குள்ளம்மாள் சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். "சொன்னா நீயுங் கழுதெ, நானுங் கழுதெ" என்று.



உங்கள் மேல் கோபப்பட நினைத்தேன். முனகக்கூடாது என்பது உங்கள் விதி என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பாதி வழியிலேயே அந்த நினைப்பு உடைந்துபோனது. நீங்கள் வந்து அதட்டியபோது இதே பிள்ளைகள் முனகினார்கள், அழுதார்கள், வரமாட்டோம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அப்போது வலி எங்கே என்று எனக்குத் தெரிந்தது. என்னிடம் வந்த பிறகுதான் ஒளிக்கக் கற்றுக்கொண்டார்கள். கசப்பாக இருந்தவரை துப்பினார்கள், நான் சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சிரிக்கிற பிள்ளைக்கு வலிக்காது என்று நினைத்திருந்தேன்.

ரோசா


மொரப்பூர்,
3 நவம்பர் 1971

அண்ணனுக்கு,

நீங்கள் எட்டாம் தேதி எழுதிய கடிதம் நேற்று வந்தது. உறையெல்லாம் எண்ணெய்க் கறை.

முகத்தைப் பார் என்று எழுதியிருந்தீர்கள். நான் தினமும் பார்த்த முகம்தான் அது. எங்கோ வடக்கே இருக்கிற உங்களுக்கு என் எழுத்தைப் படித்தே தெரிந்திருக்கிறது. அந்த எழுத்தை எழுதியவளுக்குத் தெரியவில்லை. கொசு என்று எழுதிச் சிரித்திருக்கிறேன்.

இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. ஊரெல்லாம் யுத்தம் வரும் என்கிறார்கள். அம்மா தூங்குவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோசா


56 ஏ.பி.ஓ.,
20 ஜனவரி 1972

ரோசாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அம்மாவிடம் முதலில் அதைச் சொல். கை கால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. பாப்பாரப்பட்டி மாது இல்லை. அதைப் பற்றி இப்போது எழுதமாட்டேன்.

உன் இரண்டு கடிதங்களும் சண்டை முடிந்த பிறகு ஒன்றாகக் கிடைத்தன. பல முறை படித்தேன். முதலில், நான் தமாஷுக்குத்தானே எழுதினேன், இவள் அதை நிஜமாக எடுத்துக்கொண்டதற்கு நானா பொறுப்பு என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கே பிடிக்கவில்லை. தமாஷுக்கு எழுதவில்லை ரோசா. உன்னை ஜெயிக்க எழுதினேன். பிள்ளைகளுக்கு எதிரில் நீ என்னைப் பார்த்துக் கத்தினாய் அல்லவா, அதற்கு. பெரிதில்லை என்று எழுதினேனே, பெரிதாகத்தான் இருந்தது. முடியாது என்பாய், தெரியும் என்று ஒரு வரி போட்டால் நீ செய்தே தீருவாய் என்பதும் எனக்குத் தெரியும். உன் பிடிவாதம் நான் பார்த்து வளர்ந்தது. நம் இரண்டு பேருடைய வீம்புக்கும் நடுவில் அந்தப் பெண்ணின் கால் இருந்தது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேள். விளையாட்டை விட்டுவிடாதே. நீ வெறும் டிரில் மட்டும் வைத்துக்கொள்கிறாய் என்று அம்மா யாரையோ விட்டு எழுதியிருக்கிறாள். சிரிக்கவைத்தது தப்பில்லை. அவர்களை ரயிலோடு ஓடவைத்தது தப்பில்லை. வாயைக் கட்டியதுதான் தப்பு, அது என்னுடையது. அந்த விதி இனி இல்லை, அதைக் கொண்டுவந்த ஹவில்தார் மாமாவே ரத்து செய்துவிட்டார் என்று பிள்ளைகளிடம் சொல். வலித்தால் கத்த வேண்டும், கத்துகிறவளைத்தான் மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று மாற்றிவிடு.

கால் எப்படி இருக்கிறது? நடக்கிறாளா? சென்னப்பன் என்ன சொல்கிறார்? ஏப்ரலில் லீவு கிடைக்கலாம். வந்தால் அந்த வீட்டுக்குப் போகலாமா என்று எழுது. நீ வேண்டாம் என்றால் போகமாட்டேன்.

சவுரியப்பன்


மொரப்பூர்,
16 ஜூலை 1972

அண்ணனுக்கு,

ஏப்ரலில் நீங்கள் வராமல்போனது ஒரு வகையில் நல்லது. அப்போது என்னால் அந்த வீட்டுப் படி ஏறவே முடியவில்லை, உங்களை எப்படிக் கூட்டிப்போவது?

அப்புறம் நானே தனியாகப் போனேன். வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்த தீர்த்தம்மாள், அதுதான் அவள் தாய், எனக்கு மணை எடுத்துப் போட்டாள். திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். திட்டியிருக்கலாம். அவள் சொன்னது இதுதான்: "வூட்ல ஒரு முள்ளுக் குத்துனா இவ ஊரையே கூட்டுவாளுங்க டீச்சர். நாந்தான் கத்தாதடின்னு அடிப்பேன். உங்ககிட்ட வந்துதான் வாயை மூடிக்கிட்டா. உங்க மேல அவ்வளவு ஆசை அவளுக்கு." கோபமே இல்லாமல் சொன்னாள். எனக்கு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

மெட்ராஸுக்குப் பிள்ளைகள் போனார்கள், முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். கடலைப் பார்த்தார்கள். யாரும் அதோடு பந்தயம் வைக்கவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் கூடியிருந்தது, ஆனால் கொஞ்சம் குட்டையாக. குள்ளம்மாள் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள். இனி ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓடுகிறவரை படிக்கட்டும் என்ற சென்னப்பனிடம் நானும் ராணியம்மாளும் போய்க் கெஞ்சினோம். பத்தாவது முடிக்கட்டும் என்று விட்டிருக்கிறார். அவளுக்குப் படிப்பு ஏறவில்லை அண்ணா. முன்பும் ஏறாது. முன்பு சாயங்காலம் என்று ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டுவிட்டோம்.

ஆனால் மைதானத்துக்குத் தினமும் வருகிறாள். வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புங்கமரத்தடியில் உட்கார்ந்து, டீச்சர் விசிலை நான் வைத்துக்கட்டுமா என்று வாங்கிக்கொள்வாள். பாசஞ்சர் கூவினால் எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்ப்பார்கள். நான் வேறு பக்கம் பார்ப்பேன். இந்த மாதம்தான், நீங்கள் எழுதியதை நினைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரே ஒரு நாள், உழுது போட்ட கொல்லை ஓரமாக மெத்தென்ற மண்ணில் ஓடவிடுகிறேன். ஓடி வந்ததும் ஒவ்வொருத்தியையும் உட்காரவைத்துக் காலை அழுத்திப் பார்க்கிறேன். கூச்சத்தில் நெளிகிறார்கள்.

உங்கள் பெயரைச் சொல்லி விதியை ரத்து செய்தேன். வலித்தால் கத்த வேண்டும், கத்துகிறவளை மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றேன். தலையாட்டினார்கள். இதுவரை ஒருத்தியும் கத்தவில்லை. வலிக்கவில்லையா, சொல்லவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இதுதான் என் பிழைப்பு இப்போது, சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்பது.

போன வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் எழுதித் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். ராஜாமணி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை, புதிதாக ஆட வந்திருக்கிறது. ஓடும்போது கல் தட்டி முட்டிக்கால் தேய விழுந்தது. "அய்யோ ஆத்தா" என்று வாய்விட்டு அழுதது. எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. இதோ ஒருத்தி கத்திவிட்டாள், ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளலாம் என்று இரண்டு எட்டு வைத்திருப்பேன்.

"மொனகுனா கழுதெ" என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது. குள்ளம்மாள்தான். நல்ல காலை மடக்கி, குட்டைக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கை தட்டித் தாளம் போடுகிறாள். முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அவளை அடக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன் அண்ணா, முடியவில்லை. அந்தச் சிரிப்பையும் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள நான் யார்?

ராஜாமணி பக்கத்தில் போய் உட்கார்ந்து, அதன் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குள் அழுகை நின்றுவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. "வலிக்குதா கண்ணு?" என்றேன்.

"இல்லீங்க டீச்சர்."

முட்டியிலிருந்து இரத்தம் வழிந்து பாதம்வரை வந்து என் புடவையில் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த ஜூனில்தான் எங்கள் பள்ளியில் சேர்ந்த பிள்ளை அது. அந்த விதியை நான் அதற்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

ரோசா